கர்ஜத்தில் யார் முதலில் ரயில் ஏறுவது?

நிக்டி, புனே
20 ஆகஸ்ட் 2025

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. பாலச்சந்திரன் அவர்கள் சமூகத்திற்கு, நிக்டி சந்தானம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். நலம் என்று எழுதினால்தான் கடிதம் மேலே நகரும் என்பதால் எழுதியிருக்கிறேன். என் இடது முழங்காலைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும். அங்கு அம்பர்நாத்தில் தாங்களும் தங்கள் ரத்த அழுத்தமும் சீராக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். நாம் போனில் பேசினால் ஒன்றரை நிமிடத்தில் ‘வேற என்ன’, ‘வேற ஒண்ணுமில்ல’ வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பலாம் என்று போன தடவை முயன்றதில், என் முழங்காலின் படம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் குழுவுக்குப் போய், அதற்குப் பதினோரு பேர் கைகூப்பிப் பதில் போட்டார்கள். கையால் தமிழில் எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. என் மகன் கௌஷிக்கால் இதைப் படிக்க முடியாது. மராத்தியில் சண்டையே போடுவான், தமிழில் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். உங்கள் மகள் ப்ரீதி வாசித்துவிடுவாள், ஆனால் அவள் அவனோடு நெதர்லாந்தில் இருக்கிறாள். ஆகவே இது நம் இருவருக்குள் மட்டும்.

இதை ஒரு புகார் மனுவாகவே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். வந்த சாமானில் குறை ஒன்றும் தென்படாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. போன வியாழக்கிழமை கர்ஜத்தில் நாம் சந்தித்ததைப் பொறுத்தவரை எனக்கு அந்தக் கவலை இல்லை. அடுக்கடுக்காகக் குறைகள் இருக்கின்றன. முதலிலிருந்து வருகிறேன்.

ஆரம்பித்து வைத்தது ப்ரீதி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், நீங்கள் ஒரு கட்டத்திலும் நான் ஒரு கட்டத்திலும் அவர்கள் இருவரும் ஒரு கட்டத்திலுமாக உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு அவள் கேட்டாள். “அப்பாவும் தனியா இருக்காங்க, நீங்களும் தனியா இருக்கீங்க. நிக்டி வீட்ல ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா என்ன மாமா?” நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தீர்கள். நான் நெட்வொர்க் சரியில்லை என்று சொன்னேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. கௌஷிக் அதோடு விடவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் நாம் இருவரும் பேசி ஒரு முடிவு சொல்ல வேண்டும், ஒத்துவராவிட்டால் என்னைக் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ப்பதற்கு எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். உங்களைச் சங்கரன்கோவிலில் உங்கள் தம்பி கூப்பிடுவதாக ப்ரீதி சொன்னாள். நாம் இருவரும் தலையை ஆட்டினோம். எதற்கு ஆட்டினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் உள்ள சிக்கல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையனைப் பெற்றவன் ‘வந்து இருங்கள்’ என்று வாயைத் திறந்தால், சம்பந்திக்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறான் என்று பேச்சு வரும். பெண்ணைக் கொடுத்தவர் ‘வருகிறேன்’ என்று சொன்னால், மகள் புகுந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று பேச்சு வரும். அப்படிப் பேசக்கூடியவர்கள் திருநெல்வேலியில் இன்னும் எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். போனில் பேசுகிற விஷயமா இது? நேரில் பார்த்துப் பேசிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எங்கே பார்ப்பது என்பதற்கு நமக்கு நான்கு நாள் ஆயிற்று. நீங்கள் நிக்டிக்கு வந்தால் தட்டு நிறையப் பழமும் வெற்றிலையுமாக வருவீர்கள். நான் அம்பர்நாத் வந்தால் நீங்கள் வாழையிலைக்கு அலைவீர்கள். கடைசியில் நான்தான் கர்ஜத்தைச் சொன்னேன். மலைக்கு அடியில் இருக்கிற ஊர், மும்பைப் பக்கத்திலிருந்து உங்களுக்கும் நேர் ரயில், புனேயிலிருந்து எனக்கும் லோணாவளாவில் ஒரே ஒரு மாற்றம். மாத்தேரானுக்கும் கண்டாலாவுக்கும் மலை பார்க்கப் போகிறவர்கள் ரயில் நிற்கும்போது ஜன்னல் வழியாக வடா வாங்கித் தின்றுவிட்டுப் போவார்களே தவிர, உள்ளே போய்ப் பார்த்த ஒரு வெளியூர்க்காரரை நான் சந்தித்ததில்லை. நம்மைத் தெரிந்தவர் யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் அந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

விடிந்ததும் ஆகுர்டியில் லோக்கல் பிடித்து, லோணாவளாவில் எக்ஸ்பிரஸுக்கு மாறி, குகை குகையாக இறங்கி, ஒன்பதே காலுக்கெல்லாம் கர்ஜத் வந்து சேர்ந்துவிட்டேன். மழையில் மலை முழுக்க அருவி விழுந்தது. பெட்டியில் எல்லோரும் போனை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த நஸ்ரின் என்ற பெண் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். லோணாவளாவிலிருந்து தினமும் கர்ஜத்துக்கு இறங்கி வந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாராம். இறங்கும்போது என் கைப்பையை வாங்கி இறக்கிக் கொடுத்து, நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று காட்டிவிட்டுப் போனார். ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன நீங்கள் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு உங்கள் போன் வந்தது.

“அண்ணாச்சி, நான் எறங்கிட்டேன். எங்க நிக்கிய?” என்றீர்கள். நானும் பிளாட்பாரத்தில்தான் நிற்கிறேன் என்றேன். நீங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் என்றீர்கள், நானும் பெஞ்சுக்குப் பக்கத்தில். எதிரே மலை தெரிகிறதா என்று நான் கேட்டேன், தெரிகிறது, மேகம் மூடியிருக்கிறது என்றீர்கள், எனக்கும் அப்படியே. இப்படியே கால் மணி நேரம் நான் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்து, சட்டை நிறத்தைக் கேட்டு, கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பார்க்கிறவர்கள் நான் யாருக்கோ டாட்டா காட்டுவதாக நினைத்து அவர்களும் பதிலுக்குக் காட்டி, கடைசியில் ஊர்ப் பெயர்ப்பலகையைப் படியுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றியது. நீங்கள் பலகைவரை நடந்து போனீர்கள். பிறகு மெதுவாக, கோபோலி என்றீர்கள். கர்ஜத்தைத் தாண்டிக் கிளைப் பாதையில் போகிற வண்டியில் ஏறித் தூங்கிவிட்டால், மலையடிவாரத்தில் அந்த ஊரில்தான் போய் இறங்க வேண்டும். அங்கிருந்து திரும்பி வர அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, நீங்கள் கர்ஜத்தில் கால் வைத்தபோது மணி பதினொன்றே முக்கால். முந்தின நாள் தூக்கமே இல்லை, என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக அந்தக் குறையை மட்டும் தள்ளுபடி செய்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. மதியத்துக்கு ஆகும் என்று நான் புளியோதரையும் வற்றலும் ஒரு சம்புடத்தில் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். யார் இடத்துக்கு வந்திருக்கிறோமோ அவர்தான் சாப்பாடு போட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். பிளாட்பாரம் யார் இடம்? ‘முதலில் என்னுடையதைச் சாப்பிடுங்கள்’ என்று நானும், ‘அதெப்படி அண்ணாச்சி’ என்று நீங்களும் முக்கால் மணி நேரம் சம்புடத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உபசாரம் செய்தோம். பசி பொறுக்காமல் கடைசியில் இருவரும் எழுந்து போய்க் கடையில் வடாபாவ் தின்றோம். புறப்படும்போது சம்புடங்களை மட்டும் மாற்றிக்கொண்டோம். உங்கள் இட்லியை மறுநாள் காலையில் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரி சந்திரிகா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னொருவர் வீட்டில் அவித்த இட்லியை என் வீட்டு மேசையில் வைத்துச் சாப்பிட்டது அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். மிளகாய்ப்பொடியில் உப்பு அரைச் சிட்டிகை கூடுதல், குறித்துக்கொள்ளவும்.

அதற்குப் பிறகு நாம் பேசினோம். ஒன்றரை மணி நேரம் பேசினோம். உங்கள் மாத்திரைகள், என் மாத்திரைகள், எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், ப்ரீதி முடியை வெட்டிக்கொண்டது, என் பால்கனிப் புறா, உங்கள் மாடிப் புறா. கர்ஜத்திலிருந்து மேலே ஏறுகிற வண்டிக்கு ஏன் பின்பக்கம் கூடுதலாக எஞ்சின் மாட்டுகிறார்கள் என்று நான் விளக்கினேன், நீங்கள் புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொண்டீர்கள். எதற்காக வந்தோமோ அதை மட்டும் பேசவில்லை. நீங்கள் நாலு தடவை ‘அப்புறம் அண்ணாச்சி’ என்று ஆரம்பித்தீர்கள். நாலு தடவையும் ஒரு ரயில் வந்தது. நானும் இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். நீங்கள் எனக்கு இருமல் என்று நினைத்துக்கொண்டு விக்ஸ் மிட்டாய் எடுத்துக் கொடுத்தீர்கள், அதை வாயில் போட்டுக்கொண்டு எப்படிப் பேசுவது?

இனி வருவதுதான் முக்கியமான புகார். இரண்டரை மணிக்கு உங்கள் அம்பர்நாத் வண்டி வந்தது. நான் உங்களை ஏற்றிவிட்டு, வண்டி நகர்ந்து மறைந்த பிறகு என் வண்டிக்குப் போவதாகத்தான் திட்டம். வந்தவரை வழியனுப்பாமல் தான் முதலில் கிளம்புகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் நீங்கள் ஏறவில்லை. “நீங்க ஏறுங்க அண்ணாச்சி. நான் நின்னு ஒங்கள ஏத்தி விட்டுட்டுத்தான் போவேன்” என்றீர்கள். உங்கள் வண்டி போயிற்று. உடனே என் புனே வண்டி அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் வந்தது. படியேறிப் பாலத்தைக் கடந்து போனோம். பின்னால் எஞ்சின் மாட்ட நேரமாகும், நிதானமாக ஏறலாம் என்று சொன்னவன் நான். அந்த நேரம் முழுவதையும் ‘நீங்கள் முதலில்’ என்று சொல்லியே தீர்த்தோம். எஞ்சினும் மாட்டியாயிற்று, என் வண்டியும் போயிற்று. மறுபடி பாலம், உங்கள் வண்டி. மறுபடி பாலம், என் வண்டி. நான்கு வண்டிகளை இப்படி வழியனுப்பினோம், நம்மைத்தான் அனுப்ப முடியவில்லை. டீக்கடைக்காரர் நம்மைப் பார்த்தால் கண்ணாடி டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிடுகிற அளவுக்குப் பழகிப்போனார்.

ஐந்தே காலுக்கு, அதிர்ஷ்டவசமாக இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, இருவரும் ஒரே சமயத்தில் ஏறிவிடுவோம், யாரும் யாரையும் வழியனுப்பியதாக ஆகாது என்று பேசி முடிவு செய்தோம். கைகுலுக்கினோம். நான் என் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தும்விட்டேன். உட்கார்ந்த பிறகு, இந்த மனிதர் உண்மையிலேயே ஏறியிருப்பாரா, மறுபடி கோபோலி வண்டியில் ஏறிவிட்டால் என்ன செய்வார் என்று ஒரு கவலை வந்தது. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலத்தில், எதிரே நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினீர்களாம். நமக்குக் கீழே இந்தப் பக்கம் என் வண்டியும் அந்தப் பக்கம் உங்கள் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுப் போயின. நாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் நஸ்ரின் டீச்சர் பள்ளிக்கூடம் முடிந்து பாலத்தில் வந்தார். காலையில் பெஞ்சில் விட்டுப் போன கிழவன் சாயங்காலம் பாலத்தில் இன்னொரு கிழவனோடு நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார் பாவம். நடந்ததை நான் என் இந்தியில் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஜானா கிஸ்கோ ஹை, அங்கிள்?” என்றார். உங்களில் யாருக்குப் போக வேண்டும் என்கிற சாதாரணக் கேள்விதான். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அவரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னீர்கள்.

“வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறோம், அண்ணாச்சி?”

எனக்கு அதற்குப் பதில் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறப்பேன், விளக்கைப் போடுவேன், டிவியைச் சத்தமாக வைப்பேன், பிறகு அந்தச் சத்தம் பிடிக்காமல் அணைத்துவிட்டு, காலையில் வைத்த இடத்திலேயே இருக்கிற டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்களும் அதையேதான் செய்வீர்கள். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் புனே பக்கம் போகிற அடுத்த வண்டி வந்துவிட்டது. டீச்சர் நம் வழக்கம் தெரியாதவர், என் முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய் ஏற்றி உட்கார வைத்துவிட்டார். நீங்கள் பின்னாலேயே வந்து ஜன்னலருகில் நின்று, வண்டி நகரும்வரை கையைத் தூக்கியபடி இருந்தீர்கள். ஆக நீங்கள்தான் ஜெயித்தீர்கள். மலை ஏறுகிற வழி முழுக்க டீச்சர் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், நான் கீழே கர்ஜத் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னை நீங்கள் வழியனுப்பிவிட்டீர்கள். உங்களை வழியனுப்ப அந்தப் பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. அதை நினைத்து எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அது போகட்டும். மேற்படி அனுபவத்திலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ப்ரீதி சொன்ன யோசனை நமக்குச் சரிப்படாது. ஒரு ரயிலில் ஏறுவதற்கே ஒரு பகல் பிடிக்கிறது என்றால், ஒரு வீட்டில் காலையில் யார் முதலில் குளிப்பது என்று முடிவாவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். இரண்டு பேரும் உபசாரம் செய்துகொண்டே பட்டினி கிடப்போம். நான் நாலரை மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறவன். நீங்கள் ரயிலில் உட்கார்ந்தபடியே கோபோலிவரை தூங்குகிறவர். என் வீட்டுக்கு யார் வந்தாலும் குறை சொல்வேன், அது என்னால் அடக்க முடியாத வியாதி. அதோடு சம்பந்தி வீட்டில் வந்து தங்குவது தங்களுக்கு கௌரவமாகவும் இருக்காது. ஆகவே யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்கிற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். நான் கோயம்புத்தூருக்குப் போய்க்கொள்கிறேன், தாங்கள் சங்கரன்கோவிலுக்குப் போவது உத்தமம். மறுத்தது நான்தான் என்று ப்ரீதியிடம் தாங்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் கௌஷிக்கிடம், மறுத்தது தாங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்களைவிட நான் பதினோரு மாதம் மூத்தவன் என்பது கல்யாணத்தின்போது ஜாதகம் பார்த்தபோதே தெரிய வந்த விஷயம். அந்த உரிமையில், தாங்கள் நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடும் சரியான ரயிலோடும் நெடுங்காலம் இருக்க ஆசீர்வதிக்கிறேன். பதினோரு மாதம் போதாது என்றால் வணக்கமாகவே எடுத்துக்கொள்ளவும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் மறக்காமல் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கு. சந்தானம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தரப் பரிசோதனையில் இது தேறாது. இத்தனை பக்கங்களைக் கிழித்துப் போட மனசில்லாததால் இங்கேயே திருத்துகிறேன். வேண்டாம் என்பதற்கு மேலே அடுக்கியிருக்கிற காரணங்கள் என்னுடையவை அல்ல. நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று நான் பயந்த காரணங்கள். நீங்கள் வர மாட்டேன் என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது, அதனால் முந்திக்கொண்டு நானே வேண்டாம் என்று எழுதினேன். அந்த இரண்டாவது அறையில் இருந்த கௌஷிக்கின் சாமான்களை எல்லாம் நேற்றே பரணில் ஏற்றிவிட்டேன். கட்டில் வாங்கிப் போட்டாயிற்று, கொசுவலையும் கட்டியாயிற்று. கட்டிலில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதினேன். திருநெல்வேலியில் எட்டுப் பேர் பேசினால் பேசட்டும். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, சம்பந்தி. நான் கூப்பிடுகிறேன், வாருங்கள். டிக்கெட் ஒருவழிக்கு மட்டும் எடுத்தால் போதும்.